புகைபோக்கி இல்லாமல் கப்பலா? கற்பனைப் போர்க்கப்பல் ஓவியங்களின் பின்னணி

விண்வெளியில் தண்ணீர் கிடையாது, கப்பலடியில் ஒட்டி வாழும் கொட்டலசு என்ற உயிரும் கிடையாது. இருந்தும் 1974 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் பறக்கத் தொடங்கிய ‘விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ’வின் அடிவயிறு நல்ல செங்கல் சிவப்பு. கடலில் ஓடும் இரும்புக் கப்பலுக்கு அடிப்பாகத்தில் சிவப்பு பூசுவதற்குக் காரணம் உண்டு. தண்ணீரில் கிடக்கும் இரும்பில் கொட்டலசும் பாசியும் ஒட்டிக்கொண்டால் வேகம் குறையும், எரிபொருள் செலவு ஏறும். அவை ஒட்டாமலிருக்கச் செம்புச் சேர்மம் கலந்த வண்ணத்தைப் பூசுவார்கள். அந்தச் சிவப்பு அப்படி வந்தது. பூமியிலிருந்து 1,48,000 ஒளியாண்டு தொலைவுக்குப் போகிற கப்பலுக்கு அது எதற்கு?

சிவப்போடு விஷயம் முடியவில்லை. அந்தக் கப்பலுக்கு நங்கூரம் இருக்கிறது, புகைபோக்கி இருக்கிறது. மூன்று மூன்று குழல்களாக மூன்று பீரங்கிக் கூண்டுகள், ஜப்பான் 1941இல் கட்டி முடித்த நிஜப் போர்க்கப்பல் யமாட்டோவில் இருந்த அதே இடங்களில் உட்கார்ந்திருக்கின்றன. நங்கூரத்தை ராக்கெட் வைத்து விண்கல் மேல் எய்கிறார்கள். புகைபோக்கிக்குள் ஏவுகணைகளை வைத்திருக்கிறார்கள். அதாவது தேவையில்லாத உறுப்புகளைத் தூக்கி எறியாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு புது வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்கள்.

ஓவியர்களுக்குக் கற்பனை போதவில்லை என்று இதைப் பார்த்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிர்காலப் போர்க்கப்பல்களை வரைந்த நூற்றாண்டுக்கும் மேலான மரபை வரிசையாகப் பார்த்தால், அந்தப் படங்களின் பலமே இந்தப் பழைய உறுப்புகளில்தான் இருக்கிறது என்று தெரியும். பறக்கும் கப்பலோ, பூமியைத் துளைத்துப் போகும் கப்பலோ, பார்ப்பவர் முதல் பார்வையிலேயே அதைப் போர்க்கப்பல் என்று அடையாளம் காண வேண்டும். அதற்கு ஓவியர் நிஜக் கப்பலை அங்குலம் அங்குலமாகத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த மரபின் நல்ல ஓவியர்கள் எல்லாரும் அப்படித் தெரிந்து வைத்திருந்தார்கள்.

நிழலுருவத்தை வைத்து அடையாளம்

இதற்கு முதல் சாட்சி ஃப்ரெட் டி. ஜேன் என்கிற ஆங்கிலேயர். உலகக் கடற்படைகளின் கப்பல்களைப் பட்டியலிடும் ‘ஜேன்ஸ்’ ஆண்டு நூலைப் பற்றிப் பாதுகாப்புச் செய்திகள் படிப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பார்கள். அதைத் தொடங்கியவர் இவர். 1865இல் பிறந்தவர். 1882இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அலெக்சாந்திரியாவைக் குண்டுவீசித் தாக்கிய செய்தி பள்ளி மாணவரான அவரைக் கப்பல் பைத்தியமாக்கியது. அப்போதிருந்தே நோட்டுப் புத்தகங்களில் இரும்புக் கப்பல்களை வரையத் தொடங்கினார்.

அந்த ஆண்டு நூல் முதலில் வெளிவந்தது 1898இல். அதற்கு ஐந்து வருடம் முன்பு, 1893இல், ஜேன் வேறொரு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். ஆகாயக்கப்பல்கள் நகரங்களை அழிப்பதைச் சொல்லும் எதிர்காலப் போர்க்கதைகளுக்குப் படம் வரைந்துகொண்டிருந்தார். லண்டன் மேல் குண்டு போடும் ஆகாயக்கப்பலை அவர் வரைந்தபோது ரைட் சகோதரர்கள் பறக்க இன்னும் பத்து வருடம் இருந்தது. பறக்கும் இயந்திரம் எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாத காலம். ஜேனுக்குத் தெரிந்தது கப்பல். அதனால் அவருடைய ஆகாயக்கப்பல்களில் கப்பலின் உடல் இருந்தது, மேல்தளம் இருந்தது, பாய்மரத் தண்டுகள் இருந்தன. பாய்க்குப் பதில் அவற்றின் உச்சியில் விசிறிகள் சுழன்றன. அதே காலத்து பிரெஞ்சுக் கதைகளின் படங்களிலும் இதே உத்திதான். ஒன்றில் 37 தண்டுகள் வரிசையாக நிற்கும்.

ஒரே கை ஒரு பக்கம் கற்பனைக் கப்பலையும் மறுபக்கம் நிஜக் கப்பல்களின் அதிகாரபூர்வமான அட்டவணையையும் வரைந்தது என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஜேனின் நூலில் முக்கியமானது அவர் உண்டாக்கிய நிழலுருவ அட்டவணை. கடலில் தொலைவில் ஒரு கப்பல் தெரிகிறது. பெயர் தெரியாது, கொடி தெரியாது. தெரிவது விளிம்புக்கோடு மட்டும். புகைபோக்கி எத்தனை, அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, கொடிமரம் முன்னால் நிற்கிறதா பின்னால் நிற்கிறதா என்பதை வைத்து அது எந்த நாட்டுக் கப்பல் என்று முடிவு செய்ய வேண்டும். சுடுவதா தப்பி ஓடுவதா என்பது அந்த முடிவைப் பொறுத்தது.

இந்த நிழலுருவத்தின் கனம் என்ன என்பதற்கு நம் கரையை ஒட்டியே ஓர் உதாரணம் உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்திவிட்டுப் போன ஜெர்மன் கப்பல் எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். வங்கக் கடலில் அதைத் தேடிக்கொண்டிருந்த பிரிட்டிஷ் கப்பல்கள் சிலவற்றுக்கு நான்கு. எம்டனின் ஆட்கள் மரச்சட்டமும் கித்தானும் வைத்து நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கி செய்துகொண்டார்கள். அக்டோபர் 28 விடிகாலையில் அதை நிறுத்திக்கொண்டு பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து, அங்கே நின்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தார்கள். ஒரு புகைபோக்கி கூடினால் கப்பலே வேறாகிவிட்டது. இதே காரணத்தால்தான் 1917இல் நார்மன் வில்கின்சன் என்ற கடற்காட்சி ஓவியர், கப்பல்கள் மேல் கோணல்மாணலான பட்டைகளைப் பூசச் சொன்னார். எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்று நீர்மூழ்கியிலிருந்து பார்ப்பவர் குழம்ப வேண்டும் என்பது திட்டம். அறிவியல் புனைகதையின் படம் நேரே கடலில் மிதப்பது போலத்தான் அந்தக் கப்பல்கள் இருந்தன.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்த ஓவிய மரபு செழித்துதான் இருந்தது. பிரான்சில் ஆல்பேர் ரொபிடா 1880களிலேயே இருபதாம் நூற்றாண்டுப் போரை வரைந்துவிட்டார். அமெரிக்காவில் 1926 முதல் அறிவியல் புனைகதை இதழ்களின் அட்டைகளை நிரப்பிய ஃபிராங்க் ஆர். பால் கட்டடக்கலை படித்தவர் என்பது அவருடைய இயந்திரங்களைப் பார்த்தாலே தெரியும். ஆனால் போர்க்கப்பல் என்ற ஒரே பொருளை விடாமல் பிடித்துக்கொண்டு, அதில் தன் பெருமை, பயம், துக்கம் எல்லாவற்றையும் ஏற்றிய நாடு ஜப்பான். அதனால் மிச்சக் கதையை அங்கேயே பார்ப்போம். ஜேனுக்கும் அங்கே ஒரு தொடர்பு உண்டு. 1904இல் ஜப்பானியக் கடற்படையைப் பற்றி ஆங்கிலத்தில் முழு நூல் எழுதியவர் அவர்.

கப்பல் வாங்கும் நாடு கண்ட கனவு

1900ஆம் ஆண்டு ஒஷிகாவா ஷுன்ரோ என்ற இளைஞர் எழுதிய ‘கடலடிப் போர்க்கப்பல்’ என்ற சாகசக் கதை ஜப்பானில் வெளிவந்தது. கடற்படை அதிகாரி ஒருவர், ஆளற்ற தீவு ஒன்றில் யாருக்கும் தெரியாமல் ஓர் அதிசய நீர்மூழ்கியைக் கட்டுகிறார் என்பது கதை. அதே ஆண்டு நவம்பரில், பிற்காலத்தில் ஜப்பானியக் கடற்படையின் முதன்மைக் கப்பலான மிகாசா தண்ணீரில் இறங்கியது. இறங்கிய இடம் ஜப்பான் இல்லை, இங்கிலாந்தின் பாரோ நகரம். அன்றைக்கு ஜப்பானால் அந்த அளவுக் கப்பலைச் சொந்தமாகக் கட்ட முடியவில்லை. நீர்மூழ்கி ஒன்றுகூடக் கைவசம் இல்லை. முதல் ஐந்து நீர்மூழ்கிகளை 1904இல் அமெரிக்காவிலிருந்து வாங்கி 1905இல்தான் பூட்டி முடித்தார்கள்.

ஆக, அந்தக் கதையின் நாயகன் கப்பலை யாரிடமும் வாங்காமல் தானே கட்டினான் என்பதுதான் அன்றைய சிறுவர்களுக்கு மயக்கம் தந்திருக்கும். ‘ஒளித்து வைத்த ஒரே ஒரு கப்பல், அது எல்லாவற்றையும் மாற்றிவிடும்’ என்ற இந்த ஆசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த எழுபது வருடமும் அது திரும்பத் திரும்ப வரும்.

1905 மே மாதம் சுஷிமா கடல் போரில் ரஷ்யக் கடற்படையை மிகாசாவின் அணி நொறுக்கியது. அதற்குப் பிறகு போர்க்கப்பல் ஜப்பானியச் சிறுவர் உலகத்தின் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது. 1930களில் ‘ஷோனென் குராபு’ என்ற சிறுவர் மாத இதழ் லட்சக்கணக்கில் விற்றது. 1932 புத்தாண்டு இதழோடு மிகாசாவின் பெரிய காகித மாதிரியை இணைப்பாகக் கொடுத்தார்கள். வெட்டி, மடித்து, ஒட்டி முடிக்கும்போது ஒவ்வொரு கூண்டும் ஒவ்வொரு படிக்கட்டும் பையனின் கைக்குப் பழகியிருக்கும்.

அந்த இதழின் ஓவியர்களில் கபாஷிமா கட்சுயிச்சியை மறக்க முடியாது. அவரிடம் வண்ணம் இல்லை, பேனாவும் மையும்தான். ‘கப்பல் என்றால் கபாஷிமா’ என்றே அவருக்குப் பெயர். புகைப்படமோ என்று திகைக்கும் அளவுக்கு மெல்லிய கோடுகளை ஆயிரக்கணக்கில் அடுக்குவார். அலையின் முதுகில் கோடு நெருங்கி வரும், நுரையில் காகிதத்தை வெறுமையாக விட்டுவிடுவார். 1938இல் அறிவியல் புனைகதை எழுத்தாளர் உன்னோ ஜூசா, தென்சீனக் கடலில் ஆங்கிலேயர் கட்டும் ராட்சத மிதக்கும் விமானத் தீவைப் பற்றித் தொடர்கதை எழுதினார். அதற்குப் படம் கபாஷிமா. இல்லாத அந்தத் தீவை, நேற்றுப் போய்ப் பார்த்து வந்ததுபோல அவர் வரைந்தார்.

மிதக்கும் தீவு என்பது வெறும் கதை என்று நினைக்க வேண்டாம். 1942-43இல் பிரிட்டன் மரக்கூழ் கலந்த பனிக்கட்டியால் சுமார் 600 மீட்டர் நீள விமானந்தாங்கியைக் கட்டத் திட்டமிட்டு, கனடாவின் பாட்ரீஷியா ஏரியில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மாதிரியே செய்து பார்த்தது. போர்க்காலத்தில் கடற்படை அலுவலகமும் கதை ஓவியரும் பல நேரம் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள் என்றே சொல்லலாம்.

கயிற்றுத் திரைக்குப் பின்னால்

கடற்படையும் கதை ஓவியரும் ஒரே மாதிரி யோசித்ததை ஜப்பானைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களின் மொத்த எடையை அமெரிக்கா 5, பிரிட்டன் 5, ஜப்பான் 3 என்ற விகிதத்தில் கட்டிப்போட்டது. எண்ணிக்கையில் ஜெயிக்க முடியாது. அப்படியானால் எதிரியிடம் இல்லாத அளவுக்குப் பெரிய கப்பல் ஒன்று வேண்டும். சிறுவர் இதழ் இப்படி யோசித்தது. கடற்படைத் தலைமையும் இப்படியேதான் யோசித்தது. ஒரு வித்தியாசம், தலைமையிடம் கணக்கு இருந்தது. அமெரிக்கக் கப்பல்கள் பனாமா கால்வாயைத் தாண்ட வேண்டும். கால்வாயின் மதகுகள் சுமார் 33.5 மீட்டர் அகலம். அதற்குள் நுழையும் கப்பலில் 46 சென்டிமீட்டர் பீரங்கிகளை ஏற்றுவது கடினம். ஜப்பான் 38.9 மீட்டர் அகலத்தில் ஒரு கப்பலைக் கட்டினால் அமெரிக்காவால் சட்டென்று ஈடுகொடுக்க முடியாது.

அந்தக் கணக்கிலிருந்து பிறந்ததுதான் யமாட்டோ. 1937 நவம்பரில் கூரே கடற்படைத் தளத்தில் வேலை தொடங்கியது. நீளம் 263 மீட்டர். முழுச் சுமையோடு சுமார் 72,000 டன். ஒரு குண்டின் எடை 1,460 கிலோ, அது பாயும் தூரம் 42 கிலோமீட்டர். அப்புறம் அதை ஒளிக்கும் வேலை ஆரம்பமானது. கட்டும் இடத்தில் கூரை போட்டார்கள், திரை கட்டினார்கள். நாகசாகியில் இரட்டைக் கப்பலான முசாஷியைக் கட்டிய இடத்தைச் சுற்றிப் பனைநார்க் கயிற்றுப் பாய்களைத் தொங்கவிட்டார்கள். பீரங்கியின் அளவைக்கூட ஆவணங்களில் 40 சென்டிமீட்டர் என்றே எழுதினார்கள்.

இதன் விளைவு விசித்திரமானது. உலகிலேயே மிகப் பெரிய போர்க்கப்பல் ஜப்பானிடம் இருந்தது, ஆனால் ஜப்பானியச் சிறுவர்களுக்கு அது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த பெருமை நாகாட்டோ, முட்சு என்ற பழைய போர்க்கப்பல்கள்தான். இதழ்களில் ஓவியர்கள் எதிர்காலத்து ராட்சதக் கப்பல்களைக் கற்பனை செய்து வரைந்துகொண்டிருந்த அதே மாதங்களில், நிஜமான ராட்சதக் கப்பல் திரைக்குப் பின்னால் எழுந்துகொண்டிருந்தது. பொதுமக்கள் பெரும்பாலோர் யமாட்டோவைப் பற்றி அறிந்தது போர் முடிந்த பிறகு, அது இல்லாமல் போன பிறகு. 1945 ஏப்ரல் 7 அன்று, ஒகினாவாவை நோக்கிப் போன வழியில் அமெரிக்க விமானங்கள் அலை அலையாக வந்து அதை மூழ்கடித்தன. சுமார் 3,000 பேர் அதோடு போனார்கள். 42 கிலோமீட்டர் பாயும் பீரங்கிகளுக்கு எதிரில், அவற்றுக்கு இணையான பெரிய போர்க்கப்பல் ஒன்றுகூட வந்து நிற்கவில்லை.

கடலடிப் போர்க்கப்பல் கனவும் நிறைவேறியது, காலம் கடந்து. ஐ-400 வகை நீர்மூழ்கிகள் 122 மீட்டர் நீளம். மூன்று விமானங்களைச் சுமந்தன. போர் முடிந்ததும் அமெரிக்கர்கள் அவற்றைப் பிடித்து ஆராய்ந்து, சோவியத் கைக்குப் போய்விடக் கூடாது என்று மூழ்கடித்துவிட்டார்கள்.

கொமாட்சுசாகி ஷிகெரு

இந்த மரபின் நடுநாயகமாக ஒருவரைச் சொல்லச் சொன்னால் யோசிக்காமல் கொமாட்சுசாகி ஷிகெருவைச் சொல்வேன். 1915இல் டோக்கியோவில் பிறந்தவர். முதலில் மரபான ஜப்பானிய ஓவியம் கற்றவர். போர் ஆண்டுகளில் ‘கிகாய்கா’ என்ற இதழில் எதிர்கால ஆயுதங்களை வரைந்தார். அவற்றின் உள் அமைப்பைப் பிளந்து காட்டும் படங்கள் அவர் கைவரிசை. படிப்பவர்கள் சிறுவர்களும் இளைஞர்களும். இந்த ஓவியங்களை ரசிக்கிற யாரும் தாண்டிப் போகக் கூடாத இடம் இது. அழகான படம் ஆள் சேர்க்கும். அந்த இதழைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் போர்முனைக்குப் போனது. ஓவியத்தின் திறமையைப் போற்றும்போதே அது யாருக்குப் பயன்பட்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

1945க்குப் பிறகு ஜப்பானை ஆண்ட, அமெரிக்கத் தலைமையிலான ஆக்கிரமிப்பு நிர்வாகம் ராணுவப் புகழ்ச்சிக்குத் தடை போட்டது. போர்க்கப்பலை வரைந்து பழகிய கைக்கு வேறு வழி வேண்டியிருந்தது. கொமாட்சுசாகி எதிர்காலத்துக்குப் போனார். 1948இல் தொடங்கிய ‘பூமி எஸ்ஓஎஸ்’ என்ற படக்கதையில் வேற்றுக் கிரகத்தார் பூமியைத் தாக்குகிறார்கள். ராக்கெட்டுகள், வட்ட வடிவ விண்கலங்கள், இடிந்து விழும் நகரங்கள். கொடி மாறியது, எதிரி மாறினான். இரும்பின் பளபளப்பும் ஆணித்தலைகளும் மாறவில்லை.

அவருடைய படத்தை எதிரில் வைத்துப் பார்த்தால் முதலில் தெரிவது பார்வை நிற்கும் இடம். கண் ஏறக்குறைய கடல் மட்டத்தில் இருக்கும். கப்பலின் மூக்கு நம்மை நோக்கி வரும், பின்பாதி சட்டென்று சிறுத்துத் தொலைவில் மறையும். மூக்கு கிழித்த அலை இருபுறமும் வெள்ளையாக எழும். வானம் சும்மா இருக்காது, அங்கே ஒரு விமானம் எரிந்துகொண்டிருக்கும் அல்லது மேகம் செம்மஞ்சளாகக் கனன்றுகொண்டிருக்கும். ஓவியம் சொல்வது ஒரு கணம்தான். அடுத்த கணம் அந்த இரும்பு நம் மேல் ஏறிவிடும் என்று உடம்பு நினைக்கும். இயந்திரத்தை விளக்கும் வரைபடத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் மிகப் பெரியது. ஆனால் அந்த வரைபடத்தைப் போடத் தெரிந்த கைதான் இதையும் போட்டது.

1960இல் டமியா நிறுவனம் தன் முதல் பிளாஸ்டிக் மாதிரியைக் கொண்டுவந்தது. அது யமாட்டோ, 800இல் ஒரு பங்கு அளவு. போட்டி நிறுவனம் அதே கப்பலைக் குறைந்த விலையில் விற்றதால் டமியா தோற்றது. அடுத்து ஒரு ஜெர்மன் டாங்கி மாதிரியைச் செய்து, பெட்டி மூடிக்கு கொமாட்சுசாகியிடம் படம் கேட்டார்கள். அது ஓடியது, நிறுவனமும் பிழைத்தது. மூடியைத் திறந்தால் உள்ளே ஒரே நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள்தான் இருக்கும், கடலும் தீயும் இருக்காது. அதை எல்லாச் சிறுவர்களும் தெரிந்துதான் வாங்கினார்கள். ஒட்டி முடித்த பிறகு மாதிரியைப் பார்க்கும் கண்ணில் மூடியின் படம் ஒட்டிக்கொண்டிருந்தது. அவருடைய மாணவர்கள் தகானி யோஷியுகியும் உயேடா ஷின்னும் பிற்காலத்தில் இதே பெட்டி மூடிக் கலையை வளர்த்தெடுத்தார்கள்.

அவர் வடிவமைத்த கப்பல்களில் புகழ்பெற்றது கோடென்கோ. 1963 டிசம்பரில் டோஹோ நிறுவனம், ஒஷிகாவாவின் 1900ஆம் ஆண்டுக் கதையின் பெயரை எடுத்துக்கொண்டு ஒரு படம் செய்தது. இயக்கம் இஷிரோ ஹோண்டா, சிறப்புக் காட்சிகள் எய்ஜி சுபுராயா. கப்பலின் மூக்கில் மலையைத் துளைக்கும் ராட்சதத் துளைகருவி. அதன் நுனியிலிருந்து எதையும் உறையவைக்கும் கதிர் பாயும். கடலில் ஓடும், கடலடியில் போகும், பறக்கும், மண்ணையும் குடைந்து போகும். இத்தனை வேலை செய்யும் பொருளுக்கு எந்த உருவமும் பொருந்தாது. கொமாட்சுசாகி அதற்குப் போர்க்கப்பலின் கட்டளை மேடையையும் நீண்ட உடலையும் கொடுத்தார். அதனால் துளைகருவியையும் கண் ஏற்றுக்கொள்கிறது.

கதையில் அந்தக் கப்பலைக் கட்டியவர், 1945 சரணடைதலை ஏற்காமல் ஓடிப்போய்த் தீவில் ஒளிந்து வாழும் பழைய கடற்படை அதிகாரி. மறுபடியும் ஒளித்து வைத்த ஒரே ஒரு கப்பல்! இந்தத் தடவை அவருடைய சொந்த மகளே அவரை எதிர்த்துப் பேசுகிறாள். பழைய ஜப்பானுக்காக இல்லாமல் உலகத்துக்காக அந்தக் கப்பலை எடுக்கச் சொல்கிறாள். போருக்குப் பிறகான ஜப்பான் தன் பழைய ஆசையோடு நடத்திய வாக்குவாதம் இது. அதனால்தான் இந்தப் படம் வெறும் பொம்மைக் கப்பல் படமாக எனக்குத் தெரியவில்லை.

வறண்ட கடலில் எழுந்தது

பதினோரு வருடம் கழித்து விண்வெளி யமாட்டோ. தயாரிப்பாளர் நிஷிசாகி யோஷினொபு. ஓவியர் லெய்ஜி மட்சுமோட்டோ வந்து சேர்வதற்கு முந்தைய வரைவுகளில் கப்பல் பாறை மூடிய விண்கல்லாக இருந்தது. கடைசியில் கதை இப்படி அமைந்தது: 2199இல் வேற்றுக் கிரகத்தாரின் கதிர்வீச்சுக் குண்டுகளால் பூமியின் கடல்கள் ஆவியாகிப் போயிருக்கின்றன. வறண்ட கடல்தரையில் துருப்பிடித்த யமாட்டோ கிடக்கிறது. அந்தத் துருவுக்கு உள்ளே, எதிரிக்குத் தெரியாமல் புதுக் கப்பலைக் கட்டியிருக்கிறார்கள். கிளம்பும்போது துரு பெயர்ந்து உதிர்கிறது. கதிர்வீச்சும் குண்டும் ஜப்பானியர்களுக்கு எந்த நினைவைக் கிளப்பும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஸ்டுடியோ நூவே குழுவின் மியாடகே கசுடகா போன்ற வடிவமைப்பாளர்கள் நிஜக் கப்பலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து இடம் மாற்றாமல் வேலை மாற்றினார்கள். நிஜ யமாட்டோவின் மூக்குக்குக் கீழே, தண்ணீருக்குள், உருண்டையாகப் புடைத்த ஒரு பகுதி இருந்தது. அலை எதிர்ப்பைக் குறைப்பதற்கானது அது. ஓவியத்தில் அந்தப் புடைப்பு இன்னும் பெரிதாகிச் சிவப்பாகத் துருத்திக்கொண்டிருக்கும். மூக்கின் உச்சியில் மன்னரின் தங்கச் சாமந்தி முத்திரை இருந்த பகுதியை ஒட்டி, கிரகத்தையே அழிக்கும் பீரங்கியின் வாய் திறந்திருக்கும். இந்த மாற்றத்தில் எவ்வளவு யோசனை போயிருக்கிறது பாருங்கள். பக்திக்குரிய சின்னம் நின்ற இடத்தில் பயமுறுத்தும் ஆயுதம்.

முதல் ஒளிபரப்பு தோல்வி. அதே நேரத்தில் ஹெய்டி என்ற மலைச்சிறுமியின் தொடர் வேறொரு சானலில் ஓடியது. யமாட்டோவைத் திட்டமிட்டதைவிடச் சுருக்கி 26 பகுதிகளில் முடித்தார்கள். 1977இல் அதைத் திரைப்படமாகத் தொகுத்து வெளியிட்டபோதுதான் இளைஞர்கள் திரையரங்குகளில் வரிசை கட்டினார்கள்.

1985இல் ஆய்வுக் கலம் நிஜ யமாட்டோவை அடைந்து உறுதிப்படுத்தியது. சுமார் 350 மீட்டர் ஆழத்தில், உடல் இரண்டாக முறிந்து, பின்பாதி கவிழ்ந்து கிடந்தது. கதையில் காட்டிய நிமிர்ந்த, முழுசான உடல் அங்கே இல்லை. ஆனாலும் ஓவியம் மாறவில்லை. 2012இல் மறுஆக்கம் செய்தபோது மாற்றியது அளவைத்தான். பழைய 265.8 மீட்டர் உடலுக்குள் கதையில் காட்டிய அறைகளும் விமானக் கொட்டகையும் அடங்கவில்லை. அதனால் 333 மீட்டராக நீட்டினார்கள். சிவப்பு அப்படியே இருந்தது.

மூல ஓவியங்களின் நிலைமை வருத்தம் தருகிறது. கொமாட்சுசாகியின் வீடு 1995இல் தீப்பிடித்து எரிந்தபோது ஏராளமானவை சாம்பலாயின. அவர் 2001இல் காலமானார். இன்று பெரும்பாலும் பழைய இதழ்களின் அச்சையும் பெட்டி மூடிகளையும் வைத்துத்தான் அவரைப் பார்க்க முடிகிறது. அவை மெல்லிய காகிதம், மலிவான மை. அதற்குள்ளும் அந்த நிறம் இவ்வளவு வீச்சோடு நிற்கிறது என்றால் மூலம் எப்படி இருந்திருக்கும்?

விளிம்புக்கோடு இல்லாத கப்பல்

ஜேன் வகுத்த நிழலுருவம் இன்று கடலிலேயே மறைந்து வருகிறது. ரேடாருக்குத் தப்ப வேண்டுமானால் கொடிமரம், புகைபோக்கி, கூண்டு எல்லாவற்றையும் சாய்வான தகடுகளுக்குள் மூடிவிட வேண்டும். 2013இல் தண்ணீரில் இறங்கிய அமெரிக்காவின் ஜும்வால்ட் அப்படிப்பட்டது. 186 மீட்டர் நீளக் கப்பல் ரேடாரில் சின்ன மீன்பிடிப் படகு அளவுக்குத்தான் தெரியும் என்கிறார்கள். பார்வைக்கு நேரே பழைய புனைகதை அட்டையிலிருந்து இறங்கி வந்தது போல இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும்: மேலே போகப் போக உட்பக்கமாகச் சாயும் அதன் உடல் வடிவம் 1890களின் பிரெஞ்சுப் போர்க்கப்பல்களுடையது. சுஷிமாவில் மூழ்கிய ரஷ்யக் கப்பல்கள் சிலவும் அந்த வடிவத்தில் கட்டியவையே. 32 கட்டத் திட்டமிட்டு மூன்றோடு நிறுத்திவிட்டார்கள். அதன் பீரங்கிக்கென்றே செய்த குண்டின் விலை தாங்காமல் 2016இல் அதையும் கைவிட்டார்கள். இணையான எதிரி வராத யமாட்டோவின் பீரங்கிகளை இது நினைவுபடுத்துகிறது.

ஜப்பானிலும் இதே போக்குதான். 2022இல் பணிக்கு வந்த மொகாமி வகைக் கப்பல்களின் பக்கங்கள் மழமழவென்று சாய்ந்திருக்கின்றன. முசாஷியைக் கட்டிய நாகசாகித் தளத்தில்தான் முதல் மொகாமியையும் கட்டினார்கள். இந்த வகையில் ஐந்தாவது கப்பலுக்கு யஹாகி என்று பெயர். 1945 ஏப்ரல் 7 அன்று யமாட்டோவோடு சேர்ந்து மூழ்கிய கப்பலின் பெயர் அது.

வரைகிறவருக்கு இந்தப் புதுக் கப்பல்கள் கொஞ்சம் கஷ்டமானவைதான். ஆணித்தலை இல்லை, ஏணி இல்லை, புகை இல்லை, மேல்தளத்தில் ஆள் நடமாட்டமும் குறைவு. தகட்டின் மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் வைத்து அளவைக் காட்ட வேண்டும். ஆனால் மொகாமியின் உச்சியில் ஒரு பிடிமானம் இருக்கிறது. பல ஆன்டெனாக்களை ஒரே உறைக்குள் அடக்கி, ஒற்றைக் கொம்பு போல நிமிர்த்தி வைத்திருக்கிறார்கள். பெயரே யூனிகார்ன்தான். தூரத்திலிருந்து பார்த்தாலும் மொகாமியைக் காட்டிக்கொடுப்பது அந்தக் கொம்பு. அதை இந்தியக் கடற்படைக் கப்பல்களுக்காகச் சேர்ந்து உருவாக்க 2024 நவம்பரில் ஜப்பானும் இந்தியாவும் உடன்பாடு செய்துகொண்டன. இனி நம் கடலில் ஓடும் கப்பலை வரைய உட்காருகிற ஓவியர், புகைபோக்கிக்குப் பதில் அந்தக் கொம்பிலிருந்து தொடங்கலாம்.